முகம் ஓர் அமானிதம்

(நமது பள்ளிவாசலில், திரைக்கு அப்பால் பெண்களும் கலந்துகொண்ட மாதாந்திர பயானில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

அல்லாஹ்வைப் புகழ்ந்து, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும் அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்துச் சொல்லித் துவங்குகிறோம்.

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் இந்த மேடைக்குப் புதியதாகத் தோன்றலாம். ஒப்பனைப் பொருள்கள் ஒத்துக்கொள்ளாமல் முகத்தோல் புண்பட்டுவிட்டால், அதன் பின்னர் அதனைப் பேணுவது எவ்வாறு என்பதே அப்பொருள். இது மருத்துவர் பேச வேண்டியதல்லவா என்று சிலர் எண்ணக்கூடும். மருத்துவத்திற்கு உரியதை மருத்துவர்கள் சொல்லும் முறைப்படியே சொல்வோம். ஆனால் இக்கேள்வி நம்மிடம் மருத்துவக் கேள்வியாக வரவில்லை. உளூவைப் பற்றிய மஸ்அலாவாகவே வந்தது.

நிக்காஹ் முடிந்து இரு வாரங்களே ஆன ஒரு பெண்ணின் மாமியார், "மருமகளின் முகத்தில் தண்ணீர் பட்டாலே எரிகிறது என்கிறாள்; அவள் தயம்மும் செய்து தொழலாமா?" என்று தம் மகன் வாயிலாகக் கேட்டனுப்பினார். விசாரித்தபோது விவரம் தெரிந்தது. மணநாளன்று பூசிய ஒப்பனை ஒத்துக்கொள்ளாமல் கன்னமும் கண்ணிமையும் சிவந்து தடித்துவிட்டன. ஆயினும் விருந்துக்கு அழைத்த வீடுகளுக்கெல்லாம் அந்தத் தடிப்பை மறைப்பதற்காக அதே பூச்சினை மேலும் மேலும் பூசிக்கொண்டு சென்றிருக்கிறார். "முகத்தில் என்ன?" என்று யாரேனும் கேட்டுவிடுவார்களோ என்ற அச்சமே காரணம். அப்பெண் யார், எந்தத் தெரு என்பதைச் சொல்ல மாட்டோம். சொல்லாதிருப்பதும் ஓர் அமானிதமே. ஆனால் அந்த அச்சத்தை அவர் உள்ளத்தில் விதைத்தவர்கள் யார் என்பதை நாம் அனைவரும் சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அலங்காரம் தடையன்று

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். பெண்கள் தமக்குரிய எல்லைக்குள் தம்மை அலங்கரித்துக்கொள்வதை மார்க்கம் பழிக்கவில்லை. அல்லாஹ் அழகை விரும்புகிறான் என்ற கருத்தில் முஸ்லிம் நூலில் நபிமொழி பதிவாகியுள்ளது. எனவே புண்பட்ட முகத்துடன் வரும் பெண்ணிடம், "பூசியதற்கு அல்லாஹ் கொடுத்த தண்டனை" என்று கூறுவது மார்க்கமும் ஆகாது, மனிதத்தன்மையும் ஆகாது.

முகத்திற்கு இஸ்லாம் தனிக் கண்ணியம் அளித்திருக்கிறது. முகத்தில் அடிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். உளூவின் கடமைகளில் முதலாவதாக வேதம் குறிப்பிடுவது முகத்தைக் கழுவுவதையே. ஸஜ்தாவில் மண்ணில் படிவதும் அம்முகமே. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்திற்குச் சேதம் நேர்ந்தால், அதனைச் சீர்செய்வதில் அவசரமும் கூடாது, அலட்சியமும் கூடாது.

நேர்ந்தது என்ன என்பதை அறிதல்

ஒப்பனைப் பொருளால் தோலுக்கு வரும் கேட்டினை மருத்துவர்கள் இருவகையாகப் பிரிக்கின்றனர். ஒன்று எரிச்சல். காரமான பொருள் தோலின் மேற்பரப்பை நேரடியாகப் புண்படுத்துவதால் வருவது. பூசிய சிறிது நேரத்திலோ சில மணி நேரத்திலோ, பூசிய இடத்தில் எரியும், காந்தும். இது யாருக்கும் வரலாம்.

மற்றொன்று ஒவ்வாமை. உடலின் தற்காப்புச் சக்தி ஒரு குறிப்பிட்ட பொருளைப் பகையாக அடையாளம் கண்டு வைத்துக்கொள்வதால் வருவது. இதில் அரிப்பு மிகுதி. பூசி ஒன்று முதல் மூன்று நாள்கள் கழித்தே பெரும்பாலும் வெளிப்படும். எனவே வெள்ளிக்கிழமை பூசியதன் விளைவு ஞாயிற்றுக்கிழமை தெரியும்போது, சனிக்கிழமை உண்ட மீனின் மீது பழியைப் போட்டுவிடுகிறோம். "பத்து ஆண்டுகளாக இதைத்தானே பூசுகிறேன்" என்பதும் ஆதாரமாகாது. பல ஆண்டுகள் ஒத்துக்கொண்ட பொருளே ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகக்கூடும்.

வாசனைப் பொருள்கள், கெடாமலிருக்கச் சேர்க்கும் இரசாயனங்கள், தலைச்சாயத்திலுள்ள பாராஃபினிலின்டையமின் ஆகியவை ஒவ்வாமையை அதிகம் உண்டாக்குபவை. இறுதியாகச் சொன்ன பொருள், மணநாளில் கைக்கு இடும் "கறுப்பு மெஹந்தி" பலவற்றிலும் கலக்கப்படுகிறது. நம் வீட்டு மருதாணி இலையை அரைத்து இட்டால் செம்மை கலந்த நிறமே வரும். சில நிமிடங்களில் கரிய நிறம் வருமாயின் அது இலையின் நிறமன்று. அதனால் ஒருமுறை கை கொப்பளித்தவருக்குப் பின்னாளில் தலைச்சாயம் இட்டால் நெற்றியும் கண்ணிமையும் வீங்கக்கூடும்.

"மூலிகை" என்று அட்டையில் அச்சிடப்பட்டிருப்பது தோலுக்கு ஒத்துக்கொள்ளும் என்பதற்குச் சான்றாகாது; மூலிகைக்கும் ஒவ்வாமை உண்டு. "ஹலால்" என்ற முத்திரையும் அப்படியே. அது பொருளின் ஆகுமான தன்மையைக் கூறுமே தவிர, உங்கள் தோலின் தன்மையைக் கூறாது.

முதல் நாள்கள்

புண்பட்ட முகத்திற்கு முதல் மருந்து, விட்டுவிடுதல். ஐயத்திற்குரிய ஒரு பொருளை மட்டுமன்று. பவுடர், கிரீம், சுர்மா, வாசனைச் சோப்பு அனைத்தையும் நிறுத்திவிட வேண்டும். முகத்தில் எஞ்சியிருக்கும் பூச்சினைக் குளிர்ந்த அல்லது இளஞ்சூடான நீராலும் வாசனையற்ற மென்மையான கழுவும் திரவத்தாலும் தேய்க்காமல் அகற்ற வேண்டும். பின்னர் தூய பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, பத்து முதல் பதினைந்து நிமிடங்கள் முகத்தின் மீது இட்டு வைப்பதும், நாளொன்றுக்குச் சில முறை அவ்வாறு செய்வதும் எரிச்சலைத் தணிக்கும். பனிக்கட்டியை நேரடியாக வைக்கலாகாது, ஆவி பிடிக்கலாகாது.

இவ்விடத்தில் நம் தாய்மார்களிடம் பணிவுடன் ஒரு வேண்டுகோள். எலுமிச்சைச் சாறு, கஸ்தூரி மஞ்சள், தயிர், சமையல் சோடா, பற்பசை ஆகியவற்றை அன்பின் மிகுதியால் அப்பி விடாதீர்கள். நல்ல தோலில் நன்மை செய்வதும் புண்பட்ட தோலில் நெருப்பாகலாம். எலுமிச்சைச் சாறு பட்ட தோலின் மீது வெயில் பட்டால் கொப்பளித்துக் கறுத்துப் போவதும் உண்டு.

அதன் பின் வரும் வாரங்கள்

தோலின் மேற்பரப்பு ஒரு மதில் போன்றது. உடலின் ஈரம் வெளியேறாமலும் வெளியிலுள்ள கேடு உட்புகாமலும் அது காக்கிறது. ஒவ்வாமையால் அந்த மதிலில் விரிசல் விழுகிறது. அது மீண்டும் எழச் சில வாரங்கள் ஆகும். அந்நாள்களில் முகத்திற்குத் தேவை இரண்டே. நாளுக்கு ஒருமுறை மென்மையான கழுவும் திரவம். ஈரம் காயும் முன்னர் வாசனையற்ற எளிய ஈரப்பதக் களிம்பு. வறண்டு வெடித்த இடத்தில் வாஸலினை மெல்லியதாகத் தடவலாம். முகப்பரு வரும் இயல்புடையவர்கள் அதனினும் இலேசான களிம்பைத் தேர்ந்துகொள்ளலாம். உரியும் தோலைக் கிள்ளி எடுக்கலாகாது.

வெயில் மற்றொரு பகை. நம் நாட்டு மாநிறத் தோலில் வீக்கம் ஆறிய இடத்தில் கருமை படிவது இயல்பு. அது மறையப் பல மாதங்கள் ஆகலாம். ஆனால் பெரும்பாலும் தானே மங்கும். வெயில் பட்டால் அது அழுத்தமாகும். எனவே குடையும் நிழலும் நல்லவை. தோல் ஆறிய பின்னர், துத்தநாக ஆக்ஸைடு கலந்த வாசனையற்ற வெயில் தடுப்புக் களிம்பைப் பயன்படுத்தலாம்.

முகத்திரை அணியும் சகோதரிகள் அதன் துணியையும் கவனிக்க வேண்டும். சொரசொரப்பான ஓரப்பின்னலும், சரியாக அலசப்படாத சலவைத்தூளும், துணியில் தெளித்த அத்தரும் ஆறிக்கொண்டிருக்கும் கன்னத்தை மீண்டும் கிளறிவிடும். நன்கு அலசிய மென்மையான பருத்தித் துணியே அந்நாள்களுக்கு ஏற்றது. தலையணை உறைக்கும் இதுவே விதி.

முழுமையாகக் குணமான பின் ஒப்பனைக்குத் திரும்ப விரும்புவோர், ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் சேர்க்க வேண்டும். முகத்தில் இடுவதற்கு முன், முழங்கையின் உட்புறத்தில் ஒரு சிறு இடத்தில் நாளுக்கு இருமுறை வீதம் ஏழு முதல் பத்து நாள்கள் தடவிப் பார்க்க வேண்டும். மணப்பெண்ணாயின் இச்சோதனையை நிக்காஹுக்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுவது நலம். இச்சோதனையில் தேறிய பொருளே ஆயினும், பழைய பஞ்சு, தூரிகைகளையும் பிறர் பயன்படுத்தியவற்றையும் முகத்தில் படவிடக் கூடாது.

மருத்துவரிடம் செல்ல வேண்டிய நேரம்

உதடு, நாக்கு, தொண்டை வீங்கினாலோ மூச்சு விடுவது கடினமானாலோ ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கண் வீங்கி மூடிக்கொள்ளுதல், கொப்புளம், சீழ், மஞ்சள் பொருக்கு, காய்ச்சல் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். ஒரு வாரமாகியும் தணியாவிட்டால் தோல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். செல்லும்போது பூசிய பொருளின் பெட்டியையும் கொண்டு செல்லுங்கள். அதில் அச்சிட்டுள்ள பொருள்களின் பட்டியல் மருத்துவருக்குப் பெரிய சாட்சி.

எப்பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்பதைக் கண்டறிய ஒட்டுச் சோதனை என்று ஒன்றுண்டு. சந்தேகத்திற்குரிய பொருள்களைச் சிறிதளவு முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, மேலும் ஓரிரு நாள்களில் மறுபடியும் பார்ப்பர். அதுவரை முதுகில் நீர் படக் கூடாது. எனவே குளிப்பு கடமையாகாத நாள்களைக் கணக்கிட்டு அதற்குரிய நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். உளூவுக்கு இதனால் தடை ஏதுமில்லை.

ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது, ஸகீஃப் கோத்திரத்தைச் சேர்ந்த ஹாரிஸ் பின் கலதா என்னும் மருத்துவரிடம் செல்லுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி அபூதாவூதில் உள்ளது. துஆச் செய்ய நபியே அருகில் இருந்தும் மருத்துவரிடம் அனுப்பப்பட்டார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர், அதனால் வரும் கேட்டிற்குப் பொறுப்பாளி என்பதும் நபிமொழியின் கருத்தே.

உடனே வெளுக்க வைக்கும் களிம்புகள்

இப்பொறுப்பை மருந்துக்கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் நினைவூட்டுகிறோம். முகம் சிவந்து வரும் பெண்ணுக்கு, மருத்துவர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு கலந்த களிம்பை எடுத்துக் கொடுப்பது நடைமுறையில் இருக்கிறது. இரண்டே நாளில் சிவப்பு அடங்கி முகம் பளிச்சிடும். அதை நம்பி மாதக்கணக்கில் பூசுவர். தோல் மெலியும், சிறு இரத்தக்குழாய்கள் சிவந்து தெரியும், பருவும் மீசை முடியும் தோன்றும். நிறுத்தினால் முன்னினும் மும்மடங்காக எரியும். எனவே நிறுத்தவும் முடியாது. இதனை நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் தனியொரு நோயாகவே பெயரிட்டு எச்சரித்து வருகின்றனர். 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு, மேல்பூச்சாக உள்ள 14 ஸ்டீராய்டு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. அதே நேரத்தில், மருத்துவர் பார்த்து, இத்தனை நாள் மட்டும் என்று எழுதிக் கொடுத்தால் அதனை அஞ்சவும் வேண்டியதில்லை. சொன்ன நாளில் நிறுத்திவிட வேண்டும்.

வெளிநாடுகளிலிருந்து வரும், பொருள்களின் பட்டியலே அச்சிடப்படாத வெளுப்பாக்கும் கிரீம்கள் இன்னும் கொடியவை. 2021-க்கும் 2023-க்கும் இடையில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகப் பாதிப்புடன் வந்த நோயாளிகள் பலர் இத்தகைய கிரீம்களைப் பூசி வந்தவர்கள் என்பதும், அவற்றில் பாதரசம் மிகுந்திருந்தது என்பதும் தெரியவந்தது. வளைகுடாவில் உழைக்கும் நம் சகோதரர்கள் அன்போடு பெட்டியில் வைத்து அனுப்புவது எதுவென்று பார்த்து அனுப்ப வேண்டும். குறையை மறைத்து விற்பவரைக் குறித்து நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாக எச்சரித்தார்கள் என்பது நம் வணிகர்கள் அறிந்ததே.

உளூவும் தொழுகையும்

இனி, கேட்கப்பட்ட மஸ்அலாவுக்கு வருவோம். பெரும்பாலோருக்கு எரிச்சல் தருவது தண்ணீரன்று. சோப்பும் வெந்நீரும் தேய்ப்புமே. குளிர்ந்த தூய நீரை மெல்ல ஊற்றி, தேய்க்காமல், ஒருமுறை முகம் முழுவதும் ஓடச் செய்தால் கடமை நிறைவேறிவிடும். மும்முறை கழுவுவது சுன்னத்து. தீங்கு அஞ்சப்படும்போது ஒருமுறையுடன் நிறுத்திக்கொள்ளலாம். பின்னர் துணியால் ஒற்றி எடுத்து உடனே ஈரப்பதக் களிம்பைத் தடவிக்கொள்ளுங்கள். தோலில் ஊறிவிட்ட எண்ணெய்ப் பசை உளூவுக்குத் தடையாகாது. களிம்பு தடித்த படலமாக நின்றால், அடுத்த உளூவுக்கு முன் மென்மையாக ஒற்றித் துடைத்துவிட வேண்டும்.

தண்ணீரே தீங்கு செய்யும் என்பது தம் அனுபவத்தாலோ நம்பத்தகுந்த மருத்துவரின் சொல்லாலோ தெரியவந்தால் மார்க்கம் வழி விடுகிறது. ஹனஃபி மத்ஹபின்படி, புண்பட்ட இடத்தைக் கழுவுவதற்குப் பதிலாக ஈரக்கையால் தடவலாம். தடவுவதும் தீங்கானால் அவ்விடத்தை விட்டுவிட்டு மற்ற உறுப்புகளைக் கழுவிக்கொள்ளலாம். ஷாஃபிஈ மத்ஹபின்படி, நலமுள்ள பகுதியைக் கழுவி, கழுவ இயலாத பகுதிக்காகத் தயம்மும் செய்ய வேண்டும். புழுதியும் முகத்திற்குக் கேடு தரும் நிலையானால், தம் நிலையைச் சொல்லி ஆலிமிடம் தனியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். பயணத்தில் தலையில் காயமுற்ற ஒருவருக்குக் குளிப்புக் கடமையாகி, "உமக்குச் சலுகை இல்லை" என்று உடனிருந்தோர் கூறியதால் அவர் குளித்து, அதனால் இறந்துபோனார். செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள் மிகவும் சினமுற்று, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்று உணர்த்தினார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் உள்ளது. ஒருவரின் காயத்தைப் பற்றி நாம் சொல்லும் ஒரு சொல் அவரது உயிர் வரை செல்லக்கூடும்.

நம் பொறுப்பு

பெரியோர்களே! இத்தனை மருத்துவமும் ஒரு வீட்டில் பயன் தர வேண்டுமானால், அவ்வீட்டார் அந்தப் பெண்ணுக்குச் சில வாரங்கள் கொடுக்க வேண்டும். விட்டுவிடுதலே முதல் மருந்து என்றோம். அதை அவரால் தனியே உண்ண இயலாது. கணவர், "பூசாமலே வா, விருந்துக்குப் போவோம்" என்று சொல்ல வேண்டும். மாமியார், "என் மருமகளுக்கு உடம்பு சரியில்லை, விருந்தை அடுத்த மாதம் வைத்துக்கொள்வோம்" என்று சொல்ல வேண்டும். வருகிறவர்கள் முகத்தை உற்றுப் பார்த்து, "ஏன் இப்படிக் கறுத்துவிட்டாய்?" என்று கேட்பதை விட்டுவிட வேண்டும். அக்கேள்வியே அவரை மறுபடியும் அந்த டப்பாவைத் திறக்கச் செய்கிறது. அப்பெண்ணின் கணவரிடம் நாம் மஸ்அலாவுடன் இதையும் சேர்த்தே சொல்லியனுப்பினோம்.

பெண் பார்க்கச் செல்வோருக்கும் இதுவே நம் வேண்டுகோள். வெள்ளையருக்குக் கறுப்பரை விடவோ கறுப்பருக்கு வெள்ளையரை விடவோ சிறப்பில்லை, இறையச்சத்தாலன்றி என்ற கருத்தைத் தம் இறுதி ஹஜ்ஜின்போது நபி (ஸல்) அவர்கள் அறிவித்துச் சென்றார்கள். அதை மிம்பரில் கேட்டுவிட்டு வீட்டுக்குச் சென்று, "பெண் நிறம் கொஞ்சம் கம்மி" என்று சொன்னால், அச்சொல்லும் ஒரு பெண்ணின் முகத்தில் பூசப்படும் இரசாயனமே ஆகும்.

அழகு நிலையம் நடத்தும் சகோதரிகள், தாம் பூசும் பொருள்களின் பெயர்களை எழுதிக் கொடுப்பதையும், முன்கூட்டிச் சோதித்துப் பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளட்டும். நிக்காஹ் பதிவுக்கு வரும் குடும்பத்தார், மணப்பெண்ணுக்கு ஒத்துக்கொள்ளாத பொருள் ஏதும் உண்டா என்று முன்னரே அவரிடம் கேட்டறியட்டும். கேட்பதற்குச் செலவில்லை, கேளாததற்கே செலவு.

மறுமை நாளில் இந்த உம்மத்தை நபி (ஸல்) அவர்கள் அடையாளம் கண்டுகொள்வது, உளூவினால் முகத்தில் விளங்கும் ஒளியைக் கொண்டே என்று ஹதீஸ்கள் கூறுகின்றன. அந்த ஒளிக்கு நிறம் நிபந்தனையன்று. தழும்புள்ள முகமும் ஒளிரும். கறுத்த முகமும் ஒளிரும்.

யா அல்லாஹ்! எங்கள் பெண்மக்களில் முகம் நொந்தவர்களுக்கும் அதனால் மனம் நொந்தவர்களுக்கும் பூரண சுகத்தைத் தருவாயாக. எங்கள் நாவுகளால் எவர் முகமும் வாடாதிருக்கச் செய்வாயாக. நீ எங்களிடம் ஒப்படைத்த அமானிதங்களைப் பேணி, அவற்றுடனே உன் முன் ஸஜ்தாச் செய்யும் நற்பாக்கியத்தை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.